யாரும் கேட்காத பதினோரு நாட்கள்

என் சித்தி வீட்டில் அதிகம் பேசமாட்டாள். கோபமெல்லாம் இல்லை. குரலை வீணாக்கக் கூடாது, அவ்வளவுதான். காலையில் "பால் வந்தாச்சு" என்பாள். இரவில் "விளக்கை அணைச்சுடு" என்பாள். இடையில் ஏதாவது வேண்டுமென்றால் கையை ஆட்டிக் காட்டுவாள். ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டுக் கூடத்தில் பெட்டியை இறக்கிய அன்றும், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "இளைச்சுப் போயிட்டே" என்றாள். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

குரல் முழுவதும் அவளுடைய முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு.

அவள் வேலை பார்ப்பது பார்வையில்லாதவர்களுக்கான ஓர் ஒலிநூலகத்தில். நூலகம் என்றால் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. "கண்ணாடிக் கடைக்கு மேல எங்க ஆபீஸ். கடவுளுக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு" என்று அவளே சொல்வாள். முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். பின்னறை ஒருகாலத்தில் குளியலறையாக இருந்தது. இப்போது சுவர் முழுக்கப் பழைய மெத்தைத் துண்டுகளும் முட்டை அட்டைகளும் ஒட்டியிருக்கின்றன. மின்விசிறி போட்டால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்பதால் வியர்வை துடைக்க ஒரு துண்டோடு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிப்பாள். கீழே கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஓடினால் நிறுத்துவாள். அது நின்றதும் விட்ட இடத்தில் பிடிப்பாள். படித்ததை நூலகத்தின் இணையதளத்தில் ஏற்றுவாள். பெயரும் எண்ணும் பதிவு செய்துகொண்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்; பதியாமலும் கேட்கலாம். நாளுக்கு நூறு பேர் வந்து கேட்பார்கள். அவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. 'படிக்கிற அம்மா' என்பார்கள்.

பத்தொன்பது வருடமாக இதுதான் வாழ்க்கை. அதற்கு முன் இரண்டு வருடம் கல்யாண வாழ்க்கை. சித்தப்பா வாய் திறக்காத மனிதர். ஒருநாள் அதேபோல வாய் திறக்காமலே கிளம்பிப் போய்விட்டார். "ஒரு போன் பண்ணி என்ன ஏதுன்னு கேளேன்டி" என்று என் அம்மா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாளாம். சித்தி அசையவில்லை. "போனவங்களை ஏன் போனீங்கன்னு கேக்கற பழக்கம் எனக்கு இல்ல" என்றாளாம்.

ஆபீசுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், நேற்று எத்தனை பேர் கேட்டார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பாள். நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்தால் அன்று தேநீரில் சர்க்கரை அரைக் கரண்டி கூடும். அடுத்ததாகக் குரல் செய்திகள். கேட்பவர்கள் தளத்தில் ஒரு பொத்தானை அமுக்கிப் பேசி அனுப்பலாம். பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் பேசுவார். சோப்புக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவர். வாசனையை வைத்தே எந்தச் சோப்பு எந்தப் பெட்டிக்கு என்று பிரித்துவிடுவாராம். மற்ற நேரத்தில் அவர் தொழில் குறை சொல்வது.

"அம்மா, ஒம்பதாவது அத்தியாயம், நாப்பத்தோராவது நிமிஷம், பக்கம் திருப்புற சத்தம். நாங்க கொலைக் கதை கேக்க வந்தோம், பேப்பர் கடைக்கு வரல."

"அம்மா, உங்களுக்குச் சளி. சரி, அது உங்க இஷ்டம். கொலைகாரனுக்கும் போலீசுக்கும் ஏன் சளி பிடிக்க வச்சீங்க?"

"கிறுக்கு மனுஷன்" என்பாள் சித்தி. இரண்டாம் முறை போட்டுக் கேட்பாள். பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி படித்து ஏற்றுவாள்.

நான் வந்த மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, நூலகத்துக்கு ஓர் ஈமெயில் வந்தது. இணையத்தில் மட்டும் புழங்கும் காசில் இவ்வளவு தொகை, வெள்ளிக்கிழமைக்குள். இல்லையென்றால் உங்கள் தளம் எழுந்திருக்காது. நம்பிக்கை வர ஒரு மணி நேரம் நிறுத்திக் காட்டுகிறோம். சொன்னபடி நிறுத்திக் காட்டினார்கள்.

சித்தி போலீசைக் கூப்பிடவில்லை, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரரைக் கூப்பிடவில்லை. உட்கார்ந்து பதில் எழுதினாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, நாங்கள் வியாபார நிறுவனம் அல்ல, ஆள் மாறிவிட்டது போலிருக்கிறது, எங்களிடம் இருப்பது புத்தகங்கள் மட்டுமே என்று ஒன்றரைப் பக்கம். நம்பிக்கை வர அவள் பங்குக்கு ஓர் அத்தியாயத்தின் ஒலிப்பதிவையும் இணைத்தாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தொகை இரட்டிப்பாகியிருந்தது. தளம் முழுவதுமாகப் படுத்துவிட்டது.

சர்வர்காரர் மறுநாள் வந்தார். பதினோரு சின்ன ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கேயும் தேநீரை முழுதாகக் குடித்து முடித்ததில்லை. ஈமெயிலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பதில் வேற போட்டீங்களா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே மேடம்."

"மரியாதையாத்தானே எழுதினேன்?"

"அதான் தப்பு. பதில் போட்டா, சரி, இங்க ஆள் இருக்கு, பயந்து போயிருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"என்னதான் பண்றாங்க? உள்ள வந்து எதையாவது அழிச்சுட்டாங்களா?"

"உள்ளேயே வரலை. டவுன் பஸ்ல டிக்கெட் எடுக்காத பத்தாயிரம் பேரைக் கொண்டுவந்து அடைச்சா ஸ்டாப்புல நிக்கிறவங்க எப்படி ஏறுவாங்க? அந்தக் கதைதான். எங்கெங்கயோ இருக்கற கம்ப்யூட்டரை எல்லாம் ஏவி விட்டு உங்க கதவைத் தட்டிக்கிட்டே இருக்கான். நிஜமா வர்றவங்க தட்டுறது அந்தச் சத்தத்துல கேக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க ஆளுங்களும் திரும்பத் திரும்ப அமுக்குவாங்க. அதுவும் பாரம்தான். கொஞ்ச நாள் வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்.

அன்று போன் ஓயவில்லை. முந்நூறு பேரில் பாதிப் பேர் கூப்பிட்டிருப்பார்கள். ஒரே பதிலை எண்பது முறை சொன்ன பிறகு சித்தி போனிலேயே ஒரு செய்தியைப் பதிந்து வைத்தாள். "நம்ம தளத்தை யாரோ முடக்கிட்டாங்க. தயவுசெய்து யாரும் அமுக்கிப் பாக்காதீங்க, நீங்க அமுக்கறதும் பாரமாகுது. சரியானதும் நானே சொல்றேன்." இனி யார் கூப்பிட்டாலும் போன் அடிக்காமல் அந்தச் செய்தியைச் சொல்லிவிடும். நிம்மதியாகப் பின்னறைக்குப் போனாள்.

வியாழக்கிழமை சர்வர்காரர் தளத்துக்கு முன்னால் ஒரு காவல் வைத்தார். ஏதோ பெரிய நிறுவனம் சின்ன அமைப்புகளுக்கு இலவசமாகக் கொடுப்பது. வருகிறவர் மனிதரா இயந்திரமா என்று பரீட்சை வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடும். ஆபீஸுக்கும் சித்தி வீட்டுக்கும் மட்டும் பரீட்சையிலிருந்து விலக்கு; அங்கிருந்து கேட்பது கணக்கிலும் சேராது. தினமும் பதிவுகளை ஏற்ற வேண்டியிருந்ததே. அன்று மதியமே தாக்குதல் பிசுபிசுத்துப் போனது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது, மிரட்டினவர்களிடமிருந்து மூச்சில்லை. சித்தி தளத்தைத் திறந்து பார்த்தாள். பளிச்சென்று திறந்தது. 'சரியாயிடுச்சு, எல்லாரும் வாங்க' என்று பேசிப் பதிந்து தளத்தின் முகப்பிலேயே போட்டாள். சர்வர்காரருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தோம். முக்கால் டம்ளர் குடித்தார்.

சனிக்கிழமை எத்தனை பேர் கேட்டார்கள்? பூஜ்யம்.

"எண்ணுற மெஷின் கெட்டிருக்கும்" என்றாள் சித்தி. ஞாயிறு பூஜ்யம். திங்கள் பூஜ்யம். சர்வர்காரர் போனிலேயே சொன்னார், "கவுண்டர் நல்லாத்தான் இருக்கு மேடம். போன ஜனம் மெதுவாத்தான் திரும்பும்."

அவள் வழக்கம்போல் படித்தாள். கொலைக் கதையில் இன்னும் ஏழு அத்தியாயம் பாக்கி. இரண்டை முடித்து ஏற்றினாள். பூஜ்யம். வீட்டில் வழக்கத்துக்கு மாறாகப் பேசத் தொடங்கினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என் குரல் கரகரன்னு ஆயிடுச்சாடி?"

"இல்லையே."

"அன்னிக்குப் போன்ல கொஞ்சம் கடுசாப் பேசிட்டேனோ? அமுக்காதீங்கன்னு."

"தயவுசெய்துன்னுதானே சொன்னீங்க."

"தயவுசெய்துன்னு சொல்லியும் கடுசாச் சொல்லலாம்" என்றாள்.

யாராவது ஒருவருக்குப் போன் செய்து கேளுங்கள் என்றேன். என் அம்மாவுக்குக் கிடைத்த பதிலே எனக்கும் கிடைத்தது.

எட்டாம் நாள் அவள் செய்ததை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். புதிதாக ஏற்றிய அத்தியாயத்தை வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்திருந்தாள். சற்று நேரத்தில் படபடவென்று தாள் புரளும் சத்தம். அதன் பிறகு இருமல். பிறகு போலீஸ்காரர் பேச வேண்டியதை, செத்துப்போனவன் பேசினான். பத்தொன்பது வருடத்தில் அவள் இப்படிப் படித்ததில்லை. எழுந்துபோய் அடுக்களையில் கேட்டேன்.

"சித்தி, இது என்ன?"

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "அந்த மனுஷனுக்குத்தான். ஒண்ணு விடாம சொல்லுவாரே" என்றாள். "இதுக்குக்கூட வரலேன்னா, அவர் நிஜமாவே இல்லேன்னு வச்சுக்க வேண்டியதுதான்."

மறுநாள் காலை குரல் செய்திப் பெட்டி காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பதினோரு நாட்களுக்குள் ஒருநாள், ஒரு வேலைக்கான நேர்முகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, என் போனில் நூலகத் தளத்தைத் திறந்தேன். ஒன்பது சின்னப் படங்கள் வந்தன. 'தெருவிளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்' என்றிருந்தது. மூன்று தெருவிளக்கை அமுக்கினேன். கதவு திறந்தது. சித்தியின் குரலைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எத்தனை எத்தனை தளங்களில் எத்தனை தெருவிளக்கு அமுக்கியிருக்கிறேன்! கவுண்டரில் அன்று ஒன்று என்று விழுந்தது. சித்தி அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு நாள் முழுவதும் சிரித்த முகமாக இருந்தாள். அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினோராம் நாள் முற்பகல், படியில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, ஒரு நடுத்தர வயது மனிதர் வாசலில் நின்றார். அவருக்கு முன்னால் சோப்பு வாசனை உள்ளே வந்தது.

"படிக்கிற அம்மா இருக்காங்களா?"

சித்தி எழுந்தாள். அவரே தொடர்ந்தார்.

"இருக்கீங்கன்னு தெரியுது. நாற்காலி கிறீச்சுன்னுது. அம்மா, தளம் நின்னா நிக்கட்டும். அந்தக் கொலைகாரன் யாருன்னு மட்டும் என் காதோட சொல்லிடுங்க. ரெண்டு வாரமாத் தூக்கம் இல்ல."

"தளம் நிக்கலையே" என்றாள் சித்தி. "சரியாகிப் பதினோரு நாளாச்சு. நீங்கதான் வரல."

"யாரு வரல? நீங்கதானே வராதீங்கன்னு சொன்னீங்க? இன்னிக்குக் காலையிலகூடப் போன் பண்ணேன். அமுக்காதீங்க, பாரமாகுதுன்னு சொன்னீங்க. சரி, நம்மால அந்த அம்மாவுக்குத் தொந்தரவு வேணாம்னு எல்லாரும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

சித்தி மேசையில் இருந்த போனைப் பார்த்தாள். அதில் பதிந்து வைத்த செய்தியை அவள் எடுக்கவே இல்லை. தன் ஆபீஸ் எண்ணுக்குத் தானே யார் போன் செய்வார்கள்?

"ரெண்டு மூணு பேர் மனசு கேக்காம அமுக்கிப் பாத்தோம். இன்னும் முடங்கித்தான் கிடக்கு. கேளுங்க." தன் போனை எடுத்து நூலகத்தைத் திறந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தப் போனின் குரல் பேசியது: "படம். படம். படம். படம். படம்." ஒன்பது முறை. பிறகு, "சரிபார்க்கவும், பொத்தான்." அமுக்கினார். "தவறு. மீண்டும் முயலவும். படம். படம்."

நாங்கள் இருவரும் அவருடைய போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். 'சரியாயிடுச்சு, வாங்க' என்று சித்தி கூப்பிட்ட குரல் அந்தப் படங்களுக்குப் பின்னால், உள்ளே இருந்தது.

"நாங்க கண் இருக்கற முட்டாளுங்க" என்றாள் சித்தி கடைசியில்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் சோப்புக்காரர். "கொலைகாரனைச் சொல்லுங்க."

அவரைப் பின்னறையில் உட்கார வைத்து, சித்தி அதற்குள் படித்து முடித்திருந்த மிச்ச அத்தியாயங்களைப் போட்டுவிட்டு, சர்வர்காரரை வரவழைத்தோம். அவர் வந்து, திரையைப் பார்த்து, ரொம்ப நேரம் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "காதால கேட்டு எழுதுற பரீட்சை ஒண்ணு இருக்கு மேடம். ஆனா இலவசத் திட்டத்துல அதைத் தரமாட்டாங்க. காவலை எடுத்தா அவன் நாளைக்கே வருவான். இப்படிப்பட்ட இடத்தை அவங்க மறக்க மாட்டாங்க." யோசித்துவிட்டு இன்னொரு வழி சொன்னார். கதவை வெளியாருக்குச் சுத்தமாக மூடிவிடுவது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சொல். அதைச் சொல்கிறவர் மட்டும் உள்ளே. "ஆனா ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கணும். முந்நூத்திப் பன்னிரண்டு பேரு."

சித்தி யாரையும் கூப்பிட்டுக் கேட்காதவள். அன்று மதியம் போனை எடுத்தாள். ஒன்பது நாள் கீழே வைக்கவில்லை.

"ஒரு சொல் சொல்லுங்கய்யா, பூட்டுக்கு."

"பொண்டாட்டி பேரைச் சொல்லலாமா? அவளுக்குத் தெரிஞ்சுடுமே."

"தெரிஞ்சா என்ன, சந்தோஷப்படுவாங்க."

"நீங்க வேற. நான் எந்தக் கதை கேக்கறேன்னு அவளுக்குத் தெரியாது."

ஒரு மூதாட்டி, தான் எதையோ தப்பாக அமுக்கி நூலகத்தைக் கெடுத்துவிட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். சித்தி அவளுக்கு மட்டும் பத்து நிமிடம் சமாதானம் சொன்னாள். சிலருடைய எண் மாறிவிட்டது. இருவர் இறந்து வருடமாகியிருந்தது. முப்பது நாற்பது பேர், தப்பாக நினைக்காதீர்கள் என்ற முன்னுரையோடு, வேறு வழி பிடித்துக்கொண்டதைச் சொன்னார்கள். "பேரன் கம்ப்யூட்டர் குரல் போட்டுக் குடுத்தான் அம்மா. எவ்வளவு வேகமா வேணும்னாலும் படிக்குது. எந்நேரமும் படிக்குது." அவர்களிடம் சித்தி, "ஏன், என்கிட்ட என்ன குறை?" என்று கேட்டாள். அதை அவள் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். குறை ஒன்றுமில்லை என்றார்கள். சரி என்று அடுத்த எண்ணுக்குப் போனாள். இருநூற்று முப்பத்தேழு பேர் சொல் கொடுத்தார்கள்.

கதவை மூடும் நாளில் சித்தி பழைய கணக்கைத் திரையில் விரித்தாள். நாளுக்கு நூறு என்றால், அதில் பாதிப்பேர் பதிவு செய்யாதவர்கள். பெயர் இல்லை, எண் இல்லை. அதில் ஒருவர் நாலு வருடமாக, வேலை நாட்களில், மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்து இருபது நிமிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்கேயோ ஒரு சாப்பாட்டு இடைவேளை.

"இவரை எப்படிக் கூப்பிடறது?"

"முடியாது மேடம்" என்றார் சர்வர்காரர்.

"கதவுக்கு வெளியில என் குரலை மட்டும் வைக்க முடியுமா?"

"அரை நிமிஷத்துக்கு மேல போகாம குடுங்க. அதை வேற இடத்துல வைக்கறேன். அதை முடக்க முடியாது."

சித்தி பின்னறைக்குப் போனாள். அடுத்தவர் எழுதியதைப் பத்தொன்பது வருடம் தடங்கலில்லாமல் படித்தவளுக்கு, சொந்தமாக நாலு வாக்கியம் சொல்ல வெகுநேரம் ஆனது. கதவுக்கு வெளியே கேட்டது இதுதான்: "நான்தான் படிக்கிறவ. கதவு மூடியிருக்கு, உங்களுக்காக மூடலை. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இந்த எண்ணுக்குக் கூப்பிட்டு ஒரு சொல் சொன்னா திறந்துடுவேன்." கீழே போன் எண். இந்த முறை அந்தப் போன் அடிக்குமா என்று என் போனிலிருந்து மூன்று முறை கூப்பிட வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்கு, கதவுக்கு வெளியே வைத்த பதிவின் கவுண்டரில் ஒன்று விழுந்தது. யாரோ அந்த அரை நிமிடத்தைக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் போனைப் பார்த்தோம். அடிக்கவில்லை. பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒருமணிவரை அதே அரை நிமிடத்தை அவர் பத்தொன்பது முறை கேட்டார். கூப்பிடவில்லை.

"கூச்சமா இருக்கும்" என்றேன். "இல்லேன்னா பேச முடியாத இடமா இருக்கும்."

மூன்று நாள் அப்படியே போயிற்று. நாலாம் நாள் காலை, அலமாரியிலிருந்து தடிமனான ஒரு புதிய நாவலை எடுத்தாள். முதல் பக்கத்தில் அரை நிமிடத்துக்கு எத்தனை வரி வருமென்று கடிகாரம் வைத்துப் பார்த்தாள். எட்டு வரி. படித்துப் பதிந்து, கதவுக்கு வெளியே இருந்ததை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொன்னாள்.

"மேடம், நானூறு பக்கப் புத்தகம்" என்றார் சர்வர்காரர். "ஒரு நாளைக்கு எட்டு வரின்னா நாலு வருஷத்துக்கு மேல ஆகும்."

"பன்னிரண்டரைக்குள்ள ஏத்திடுங்க" என்றாள் சித்தி.